கையுறையை எடுத்துக் கொடுத்த நிமலன்

சுகந்தியின் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. டொரண்டோவிலிருந்து பேசுவதாகச் சொன்னதும் நிமலனின் தங்கை என்று புரிந்துகொண்டேன். நான் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் கிளினிக்கில் ஒருவருடைய தோளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த நேரம். "அக்கா, அண்ணா காலமை எழும்பேல்லை" என்றாள். உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டுவிட்டேன். "இனி டாக்டர் தேவையில்லையக்கா" என்றாள். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

அஜ்மானில் எங்கள் கட்டடத்தில் இருந்தவர்களுக்கும், வெள்ளிக்கிழமைகளில் துபாய்ப் பனித்தளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆட்டம் பார்க்க வந்த நம்மவர்களுக்கும் அவனைத் தெரியும். ஆறடிக்கு மேல் உயரம், இரண்டு தடவை உடைந்து ஒரு பக்கமாகக் கோணிய மூக்கு. யாருடன் லிஃப்டில் ஏறினாலும் தன் உருவத்துக்காக மன்னிப்புக் கேட்பதுபோல மூலையில் ஒதுங்கி நிற்பான். என்னை அக்கா என்று கூப்பிட்டவனை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகச் சாப்பிட வந்தபோது கரண்டி கேட்டான். கனடாப் பழக்கம் என்று நினைத்துக் கொண்டுவந்து வைத்தேன். கரண்டியை அவன் பிடித்த விதத்தைப் பார்த்த பிறகுதான், வலது கை விரல்கள் முழுதாக மடங்கவில்லை என்று தெரிந்தது. சோற்றை அள்ள அந்தக் கையால் முடியாது. அடுத்த வாரமே கிளினிக்குக்கு வரச் சொன்னேன். கைமுட்டிகளில் தொடங்கினோம், பிறகு தோள், முழங்கால், கழுத்து என்று அவன் துபாயில் இருந்த காலம் முழுவதும் அது நீண்டது. ஒரு தடவை வலிக்கிறதா என்று கேட்டபோது, "வலிச்சால் பிரச்சினை இல்லையக்கா. எங்க பழுதெண்டு தெரியும்தானே" என்றான்.

அவனுடைய கதையை என் சிகிச்சை மேசையில் படுத்தபடிதான் துண்டு துண்டாகச் சொன்னான். யாழ்ப்பாணத்திலிருந்து கலவரத்துக்குப் பிறகு பெற்றோருடன் கனடா போனபோது அவனுக்குப் பத்து வயது. அங்கே நடக்கத் தொடங்கும்போதே பனியில் சறுக்கப் பழகிய பிள்ளைகளோடு இவன் ஐஸ் ஹாக்கி ஆட இறங்கினான். அவர்கள் வேகம் இவனுக்கு ஒருநாளும் வரவில்லை. ஆனால் உடம்பு இருந்தது. அந்த ஆட்டத்தில் இரண்டு பேர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் அடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. நடுவர்கள் ஒருவன் விழும்வரை விட்டுவிட்டுப் பிறகுதான் விலக்குவார்கள். ஒவ்வோர் அணியும் அதற்கென்றே ஓர் ஆளை வைத்திருக்கும். நிமலன் அந்த ஆள்.

சின்னச் சின்ன ஊர்களின் அணிகள். பஸ்ஸிலேயே தூக்கம். ஓர் ஊரில் வாடகைக்கு வீடு பார்த்துப் பாத்திரம் வாங்கி வைத்த வாரமே, உன்னை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டோம் என்று போன் வரும். பாத்திரங்களை அங்கேயே விட்டுவிட்டுப் போவான். எத்தனை அணிகள் என்று கேட்டால் விரல்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் சிரித்துவிடுவான். இங்கிலாந்திலும் ஆடினான். அதற்குப் பிறகும் யாரும் கூப்பிடாத ஒரு கோடையில்தான், துபாயில் ஒரு கிளப் ஆட்டக்காரனாகவும் பயிற்சியாளனாகவும் அவனை எடுத்துக்கொண்டது.

பெரிய லீக்கில் ஒரே ஒரு நாள் ஆடியிருக்கிறான். யாருக்கோ காயம் என்று திடீரென்று அழைப்பு வந்தது. அவன் அப்பா சொந்தக்காரர்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு டிவி முன்னால் உட்கார வைத்திருந்தார். ஆட்டம் முடியும் நேரத்தில் கோச் அவன் முதுகில் தட்டி எதிரணியில் ஒருவனைக் காட்டினார். நிமலன் போய் அவனை அடித்தான், அவனிடம் அடியும் வாங்கினான், ரத்தத்தோடு வெளியே வந்து உட்கார்ந்தான். அவ்வளவுதான் அவனுடைய பெரிய லீக். வீட்டுக்குப் போன் செய்தபோது அப்பா கேட்டது ஒன்றுதான்: "உதுக்கோ உன்னைக் கூப்பிட்டவங்கள்?"

இதைச் சொல்லிவிட்டு, "அப்பா பிழையாக் கேக்கேல்லையக்கா" என்றான்.

துபாய்க்கு வந்த இரண்டாவது வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் செய்தான். "அக்கா, நான் எங்க நிக்கிறன் எண்டு தெரியேல்லை." தினமும் வண்டி ஓட்டிப் போய்வருகிற ஷார்ஜா ரோட்டில்தான் நின்றிருக்கிறான். பக்கத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். கார்ப்பெட் கடை என்றான். வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளேயே இரு, எங்கேயும் போகாதே என்று சொல்லிவிட்டு என் கணவரை டாக்ஸியில் அனுப்பினேன். அவர் போய்ச் சேர்ந்தபோது ஏசியைக்கூடப் போடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தானாம். அந்த வாரமே நரம்பு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தலையில் இன்னொரு அடி படக் கூடாது என்றார் அவர். நிமலன் தலையாட்டினான். வெளியே வந்து, "அடி வாங்காட்டி எனக்கு என்ன வேலை இருக்கு?" என்று கேட்டான்.

அந்த வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கு நானும் என் கணவரும் போயிருந்தோம். குவைத்திலிருந்து வந்த அணி. அவர்களும் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆளை எடுத்திருந்தார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். ஆட்டம் சூடானதும் அந்தப் பையன் நேராக நிமலனிடம் சறுக்கி வந்து கையுறைகளை எறிந்துவிட்டு நின்றான். கூட்டம் எழுந்துவிட்டது. எங்கள் கிளப் மேனேஜர் "யல்லா, யல்லா" என்று அவனை மோதச் சொல்லிக் கத்தினார். என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நிமலன் தன் கையுறையைக் கழற்றவில்லை. அந்தப் பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குனிந்து, பனியில் கிடந்த அவனுடைய கையுறைகளை எடுத்து அவனிடமே கொடுத்தான். கூட்டம் கூச்சல் போட்டது. யாரோ தண்ணீர் பாட்டிலை வீசினார்கள். பையன் என்ன செய்வதென்று தெரியாமல் கையுறைகளை வாங்கிக்கொண்டு நின்றான்.

டாக்டர் சொன்னதுக்குப் பயந்துதானே விட்டாய் என்று திரும்பும் வழியில் கேட்டேன். இல்லை என்றான். "அவன்ர முகத்தைப் பாத்தனான் அக்கா. அவனுக்கு என்னை அடிக்க விருப்பமில்லை. ஆரோ அனுப்பி வந்தவன். நானும் அப்பிடித்தானே எத்தினை பேரிட்டப் போனனான். ஒருத்தரும் எனக்கு அதை எடுத்துத் தரேல்லை."

அடுத்த சீசனுக்கு அவன் வேண்டாம் என்று கிளப் சொல்லிவிட்டது. விசா முடிவதற்குள் கிளம்ப வேண்டியிருந்தது. ஏர்போர்ட்டில் என் கணவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கனடா வந்தால் வீட்டிலேயே தங்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னான். முதல் தடவை சொன்னது அவனுக்கு நினைவில்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. மூன்று தடவையும் சரி என்றோம்.

அதன் பிறகு அவனைப் போனில்தான் கேட்டோம். முதலில் வாரம் ஒருமுறை, பிறகு எப்போதாவது. வெளிச்சம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அறைக்குத் திரை போட்டுப் படுத்திருக்கிறேன் என்பான். அப்பாதான் தினமும் தாடி மழித்துவிடுகிறார் என்று ஒருநாள் சொன்னான். கடைசியாகப் பேசியபோது என்னை அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் மரியாதையாக, "நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ?" என்று கேட்டான். சாப்பிட்டேன் தம்பி என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

அவன் சாகும்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்களிலிருந்து என்னிடம் ஆட்கள் வருவார்கள். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர்கள், லாரிக் கதவில் இடித்துக்கொண்டவர்கள். தோளைக் காட்டுவார்கள், இடுப்பைக் காட்டுவார்கள். நாளைக்கு டூட்டிக்குப் போகணும், சீக்கிரம் சரி பண்ணிவிடுங்கள் என்பார்கள். முன்பெல்லாம் காட்டிய இடத்தை மட்டும்தான் பார்ப்பேன். இப்போது முதலில், "தலையில அடிபட்டுச்சாப்பா?" என்று கேட்கிறேன். இல்லை என்று சிரிப்பார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த வழியாக வந்தீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். பதில் தடுமாறினால் டூட்டிக்கு அனுப்புவதில்லை. டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன். சூப்பர்வைசர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். நிமலனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கேள்விதான்.