வெல்டாவைக் கடைசியில் வைத்தவர்கள்

இல்லினாய்ஸ் சோளக்காடுகளுக்கு நடுவே, பல்கலைக்கழகத்தை ஒட்டியிருந்த அந்தச் சின்ன ஊரில் யாரும் யாரையும் குறை சொல்லமாட்டார்கள். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள் என்று திருத்திச் சொல்ல வேண்டும். தீய்ந்துபோன கேக்கைத் தின்றுவிட்டு, நல்ல முறுகல் என்பார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு மனிதர்களின் குணத்தை அளக்கிறேன் என்று ஒரு பையன் புறப்பட்டு வந்தானே, அவன் துணிச்சலை என்ன சொல்ல!

ஐம்பத்தெட்டாம் வருடம் அது. லூத்தரன் சர்ச்சின் மாதர் சங்கத்துக்குப் பியானோ ஒன்று வேண்டியிருந்தது. மார்வின் டெய்ட் என்ற அந்த ஆராய்ச்சி மாணவனுக்கோ, ஒருவரையொருவர் நெடுநாளாக அறிந்த மனிதர்கள் வேண்டியிருந்தார்கள். பெண்கள் அவன் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் பல்கலைக்கழகம் பியானோவுக்குப் பணம் தரும் என்று பேரம் முடிந்தது. சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் காப்பியைக் கையில் பிடித்தபடி அவன் விளக்கினான். அகராதியில் மனிதரின் சுபாவத்தைச் சொல்லும் வார்த்தைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவாம். வடிகட்டிக்கொண்டே போனால் அடியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குணங்கள்தான் மிஞ்சுமாம். கலகலப்பு, பொறுப்பு, பதற்றம், கனிவு என்று. எல்லாக் குணமும் எல்லாரிடமும் உண்டு, அளவுதான் ஆளுக்கு ஆள் வேறு, அந்த அளவும் லேசில் மாறாது என்றான். யாருக்கு எவ்வளவு என்பதைக் கூடப் பழகியவர்களைவிட யார் சொல்ல முடியும்?

சங்கத்துப் பெண்கள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். அடுத்த வாரம் மார்வின் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தான். எல்லாரும் எல்லாருக்கும் எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள். இதை வைத்துக்கொண்டு நான் எதை அளப்பது என்று கெஞ்சாத குறையாகக் கேட்டான். பிறகு வழியையும் அவனே கண்டுபிடித்தான். மதிப்பெண்ணே வேண்டாம். தன் பெயரை விட்டுவிட்டு, மற்றவர்களின் பெயர்களை ஒவ்வொரு குணத்துக்கும் வரிசையாக அடுக்க வேண்டும். அதிகம் உள்ளவர் முதலில், குறைவாக உள்ளவர் கடைசியில். யாராவது ஒருவர் கடைசியில் வந்துதான் ஆக வேண்டும்.

சங்கத்தில் ஒருத்தியான ஐரீன் போல்மன் கலகலப்பை அடுக்கினாள், பொறுப்பை அடுக்கினாள். கனிவுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. சங்கத்துப் பெர்னிஸைக் கடைசியில் வைக்கலாம், உண்மையும் அதுதான். ஆனால் விஷயம் வெளியே வந்தால் பெர்னிஸ் ஆயுசுக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். போதகரின் மனைவியை வைக்கவே முடியாது. இப்படி ஒவ்வொருத்தியாகக் கழித்துக்கொண்டே வந்தவள், கடைசியில் வெல்டா நைக்விஸ்ட்டின் பெயரில் வந்து நின்றாள். வெல்டா ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டாள். தெரிந்தாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

வெல்டா அப்படிப்பட்டவள்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, பெரிய கைகள், கூடத்தையே நிரப்பும் சிரிப்பு. விருந்து முடிந்து சட்டி கழுவ ஆள் வேண்டுமா, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமா, வெல்டா இருக்கிறாள். ஐரீனின் கணவன் ஓட்டோ தானியக் கிடங்கிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்ட குளிர்காலம் முழுக்க, சாயங்காலமானால் பின்வாசலில் வெல்டா சூப்போடு நிற்பாள். ஐரீனுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். ஊரில் மற்றவர்கள் அவளிடம் மரியாதையோடு தள்ளியே நின்றார்கள். சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்தது வெல்டா ஒருத்திதான்.

அந்தச் சிநேகிதியின் பெயரைத்தான் கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

முதல் பனி விழுந்த வாரம் மார்வின் துள்ளிக்கொண்டு வந்தான். பெயரைச் சொல்லவில்லை; அந்த மட்டும் விவரமானவன். ஆனால் இருந்த சந்தோஷத்தில் வாயைக் கட்டிப்போட அவனால் முடியவில்லை.

"இப்படி ஒரு ஒத்துமைய நான் பாத்ததே இல்லீங்க. கனிவுல கடைசி யாருன்னு கேட்டதுக்கு, ஒரே ஒருத்தரத் தவிர நீங்க எல்லாருமே ஒரே பேரத்தான் எழுதியிருக்கீங்க."

ஐரீன் நிமிர்ந்து பார்த்தாள். பெர்னிஸ் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். போதகரின் மனைவி மேஜைவிரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவினாள். ஒருத்தியும் வெல்டா இருந்த பக்கம் திரும்பவில்லை. ஐரீனுக்கு விளங்கிவிட்டது. தன் மண்டையில் ஓடிய அதே கணக்குதான் எல்லார் மண்டையிலும் ஓடியிருக்கிறது. தன் பெயரைத் தானே எழுத முடியாத அந்த ஒரே ஒருத்தி யார் என்பது வெல்டாவுக்கும் அந்த நிமிடமே புரிந்துவிட்டது. அவள் எழுந்து எல்லாருக்கும் இன்னொரு சுற்றுக் காப்பி ஊற்றினாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. சட்டிகளைக் கழுவ ஆளில்லாமல் சங்கம் தடுமாறியது. வெல்டாவுக்கு உடம்புக்கு முடியவில்லை போல என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஐரீன் ஆப்பிள் பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள். வெல்டா பலகாரத்தை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, கதவைச் சாத்தினாள். இன்னொரு நாள் போனபோதும் அதே நன்றி, அதே கதவு. இருபது வருடச் சிநேகிதம் இப்படி நன்றி சொல்லிச் சொல்லியே செத்துப்போகும் என்று ஐரீனுக்குப் பயம் வந்தது. மறுபடி வெறுங்கையோடு போனாள்.

"நன்றியெல்லாம் வேணாம். திட்டிடு வெல்டா."

வெல்டா கதவைப் பிடித்தபடி அவளையே பார்த்தாள்.

"எனக்கு வலிக்கும்னு உங்கள்ல ஒருத்திக்குக்கூடத் தோணலையா?"

"நீ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்னு..."

"நினைச்சுக்குவேன்டி. இருபது வருஷமா நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. தன் மகள் கல்யாணத்தன்றுகூடத் தன்னையே பாத்திரம் தேய்க்க விட்டதிலிருந்து, ஓட்டோ எழுந்து நடமாடியதும் ஐரீன் எட்டிக்கூடப் பார்க்காத அந்த வசந்தம்வரை ஒன்றையும் விடவில்லை. ஐரீன் பனியில் நின்று கேட்டாள். எல்லாமே உண்மை. கால் பெருவிரல்கள் மரத்துப்போயின.

"நான் யாரக் கடைசியில வச்சேன் தெரியுமா?" என்று வெல்டா கேட்டாள். "உன்னத்தான். பயந்துக்கிட்டு வைக்கல. நல்லா யோசிச்சுத்தான் வச்சேன்."

ஐரீனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தக் கூடத்தில் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதியவள் இவள் ஒருத்திதான்.

"சரியாத்தான் வச்சிருக்க."

"அது எனக்கே தெரியும். உள்ள வா, கால் விறைச்சிடப்போகுது."

ஈஸ்டருக்குள் வெல்டா சங்கத்துக்குத் திரும்பினாள். வெல்டா முன்ன மாதிரி இல்லை, வாய் கூடிப்போச்சு என்று ஊர் முணுமுணுத்தது. முப்பது வருடங்கள் அந்த வாய்க்கு அதிகம் இரையானவள் ஐரீன்தான். பதில் கொடுக்காமல் இருந்தவளும் இல்லை. சமையல்கட்டு மேஜையில் காப்பி ஆறும்வரை இருவரும் மல்லுக்கட்டுவார்கள்.

வெல்டா போய்ச் சேர்ந்து சில வருடங்களாகின்றன. ஐரீனுக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சர்ச்சிலிருந்து முறைவைத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவள் எது சொன்னாலும் தலையாட்டுகிறார்கள், எவ்வளவு நல்லவர் நீங்கள் என்கிறார்கள். அவர்கள் போன பிறகு அவள் பின்வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஊரில் இனி அவளைத் திட்ட ஆளில்லை.