துவாதசி வயிறு

சிவப்பு ரப்பர் குழாயை எங்கே பார்த்தாலும் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது செய்த பாவம் ஒன்றுமில்லை. என் கணவரின் உயிரை அது ஒரு தடவை காப்பாற்றிக் கொடுத்தது. கொடுத்ததைப் பறித்துக்கொண்டு போனவர் அவருடைய தாய்மாமன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியே அவரை டாக்டர் மாமா என்று கூப்பிடும். நான் மனசுக்குள் கூப்பிடுகிற பேரை அச்சில் போட முடியாது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வைகுண்ட ஏகாதசி. என் கணவர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் விரதம் இருந்தார். மறுநாள் துவாதசி காலையில் விரதம் முடிக்கிற பாரணைச் சாப்பாடு. அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியுமாக வயிறு முட்டச் சாப்பிட்டார். மத்தியானத்துக்குள் வயிறு பானையாக உப்பிவிட்டது, அதுவும் ஒரு பக்கமாக. காற்றுப் பிரியவில்லை, மலம் போகவில்லை, வலியில் பாயைப் பிறாண்டினார். டாக்டர் மாமா வந்து நின்றபடியே பார்த்துச் சிரித்தார். "இது துவாதசி வயிறுடா. வருஷா வருஷம் பாதி வீதிக்கு வரது. பட்டினி கிடந்தவனுக்கு இவ இலை கொள்ளாம பரிமாறியிருக்கா, வேறென்ன?" என்று பழியை என் தலையில் போட்டு, விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் அந்த வயிற்றை யாரும் வியாதியாக நினைத்ததில்லை. விரதம் இருந்ததற்கு அடையாளம் என்று அதில் ஒரு பெருமைகூட உண்டு.

கொடுத்த விளக்கெண்ணெய் அப்படியே வாந்தியாக வந்தது. மாமியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் ஜட்காவைக் கூப்பிட்டேன். காவிரிப் பாலம் தாண்டித் திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். குடல் ஊதிப் பெருத்து வளைந்து கிடந்ததைப் படத்தில் எனக்கே காட்டினார். "பெருங்குடலோட கடைசிப் பக்கம் முறுக்கிக்கிட்டிருக்கும்மா, துணியைப் பிழியிற மாதிரி" என்றார். பின்வழியாக அந்தச் சிவப்புக் குழாயை மெல்ல மெல்ல ஏற்றினார். காற்றும் நீருமாகப் பீறிட்டு, வயிறு என் கண்ணெதிரே வடிந்தது. என் கணவர் "அப்பாடா" என்றார். நான் வெட்கம் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.

"இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க. மறுபடியும் முறுக்கும். வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே அந்தத் துண்டை வெட்டி எடுத்துடணும். அடுத்த தடவை லேட்டானா குடல் அழுகிடும்" என்று டாக்டரம்மா எல்லாரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். சேதி கேட்டு அங்கே வந்திருந்த மாமா காதில் வாங்கவில்லை. "காத்து போயிடுத்து, கதை முடிஞ்சுது. நன்னா இருக்கற குடலை எதுக்குடி அறுக்கணும்?" அப்பா இல்லாத என் கணவரை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவர் வார்த்தையை இவர் மீறமாட்டார். நான் மாமாவின் காலில் விழுந்தேன். "பொம்மனாட்டி வைத்தியம் பேசாதே" என்று காலை இழுத்துக்கொண்டு, மருமகனை ஜட்காவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

ஆடியில் மறுபடி முறுக்கியது. நான் துறையூரில் பிறந்தகத்தில் இருந்தேன். சேதி வந்து நான் ஓடி வருவதற்குள் மாமாவின் விளக்கெண்ணெய் இரண்டு வேளை உள்ளே போயிருந்தது. டாக்டரம்மா வயிற்றைத் திறந்தபோது குடல் கறுத்துக் கிடந்தது. என் கணவர் பிழைக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டில் மாமா "எல்லாம் பெருமாள் சித்தம்" என்று சொல்லிவிட்டு, கண்ணமுது இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். பாயசத்தை அவர் உறிஞ்சின சத்தம் உள்ளே கிடந்த எனக்குக் கேட்டது. இருடா கிழவா என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

நல்ல நாளில் தாலியறுத்தவள் யார் எதிரிலும் வரக்கூடாது. நான் வந்தேன். ஒவ்வொரு துவாதசி மத்தியானமும் வீடு வீடாக வாசலில் போய் நின்றேன். "வயிறு உப்பிக் காத்துப் பிரியலைன்னா விளக்கெண்ணெய் குடுக்காதேள், டாக்டர் மாமாவைக் கூப்பிடாதேள். என் ஆத்துக்காரரை அவர்தான் கொன்னார்" என்று உரக்கச் சொன்னேன். திட்டினார்கள், கதவைச் சாத்தினார்கள். ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதானே? அறுபதுகள் பிறந்தபோது மாமா வைத்தியம் பார்க்கிற முன்னறையில் ஈ ஓட்டக்கூட ஆளில்லை.

அப்புறம் ஒரு வருஷம் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே முறுக்கல். நேரே திருச்சிக்குப் போனார்கள், வெட்டி எடுத்தார்கள், வயிற்றில் தையலோடு மனிதர் உயிருடன் திரும்பினார். அழைத்து வரப் போயிருந்த நான், மாமா வீட்டு வழியாகவே வண்டியை விடச் சொன்னேன். அவர் வாசலில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாமா வெளியே வந்தார்.

"போறுமாடி? இப்பவாவது உன் மனசு குளிர்ந்துதா?"

வண்டிக்குள் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி புருஷன் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"இவ நெத்தியில குங்குமம் இருக்கு பாருங்கோ, மாமா. நன்னாப் பாருங்கோ. அதைக் காட்டத்தான் கூட்டிண்டு வந்தேன்."