எண்ண முடிகிற சத்தம்

விருதுநகரில் அந்த டூல்ஸ் கடைக்குள் நுழைந்தபோது என் கையில் ஒரு பேலட்டின் மூலைத்துண்டு இருந்தது. பேலட் என்பது அச்சகங்களில் பேப்பர் கட்டுகளை அடுக்கி வைக்கும் மரத்தட்டு. சிவகாசி அச்சகங்களுக்கு அதை அடித்துக் கொடுப்பதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. கடையில் நின்று வாயால் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. துண்டை மேஜைமேல் வைத்து, "இத அடிக்கணும். எந்த ஆணி கன் சரிப்படும்?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னைவிட இளையவர். ஆனால் விஷயம் தெரிந்தவர். துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று கன்களை எடுத்து வரிசையாக வைத்தார். மூன்றும் சுருள் ஆணி போடுகிறவை. ஆணிகளைக் கம்பியில் கோத்து வட்டமாகச் சுற்றியிருப்பார்கள். ஒரு சுருளில் முந்நூறு ஆணி வரை இருக்கும். கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக வருகிற காற்றுதான் சுத்தியல்.

"இது பெருசு அண்ணாச்சி. வீடு கட்டுற எடத்துல, கூரைக்குச் சட்டம் அடிக்க, சென்ட்ரிங் பலகை அடிக்க. மூணு இஞ்சு ஆணிக்கு மேல எறங்கும். நாள் பூரா இதத் தூக்குனீகன்னா சாயங்காலம் கை உங்க பேச்சக் கேக்காது" என்றார். அடுத்தது சின்னது, மெல்லிய பலகைக்கு. அது என் மரத்துக்குப் பிடிமானம் காணாது. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். என் பலகை முக்கால் இஞ்சு, கீழே தாங்குகிற கட்டை இரண்டு இஞ்சு. அதற்கு இரண்டே கால் இஞ்சு ஆணி போதும், வெளியே மூக்கு நீட்டாது என்று கணக்குச் சொன்னார். உடம்பில் வரி போட்ட ஆணியாக வாங்கினால் லாரி எவ்வளவு குலுக்கினாலும் கழன்று வராது. எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதற்கு ஒரு திருகு. காற்றை வேறு பக்கம் திருப்பிவிட ஒரு மூடி, இல்லாவிட்டால் மரத்தூள் கண்ணுக்குத்தான் வரும். கம்ப்ரசர் சின்னதாக இருந்தால் பத்து ஆணிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கும், அதையும் பார்த்து வாங்க வேண்டும் என்றார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நான் கேட்க வந்தது வேறு கேள்வி. அதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

"இதுல சத்தம் கம்மி எது?"

அவர் சிரித்தார். "கன்னுன்னு பேர வச்சிட்டுச் சத்தம் கம்மியா கேட்டா எங்கன போறது அண்ணாச்சி? காதுல வைக்க அடைப்பான் இருக்கு, தாரேன்."

"எனக்கில்ல. வீட்டுல."

அதற்குமேல் அவருக்கு விளக்க எனக்கு மனசில்லை. இங்கே விளக்குகிறேன்.

என் பட்டறை வீட்டோடு ஒட்டியது. தகரக் கூரை, நடுவில் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி. ஏழாயிரம்பண்ணை போகிற ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். என் மனைவி பன்னிரண்டு வருஷம் பட்டாசு கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். காலையில் வேன் வரும், ஏறிப்போவாள், சாயங்காலம் கையெல்லாம் சாம்பல் நிறமாக வந்து இறங்குவாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம், தண்ணீர் குடிக்க வெளியே வந்து குழாயடியில் குனிந்து நின்றபோது, கம்பெனியில் வரிசையாக இருந்த ரூம்களில் முதலாவது வெடித்தது. அப்புறம் அடுத்தது. அப்புறம் அதற்கடுத்தது.

ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். அதனால் எங்கள் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டால் ஜனங்கள் முதலில் எண்ணுவார்கள். சத்தத்தை எண்ணினால் ரூமை எண்ணிவிடலாம், ரூமை எண்ணினால் ஆளை எண்ணிவிடலாம். சீசன் நேரத்தில் எந்த ரூமில் நாலோடு நிறுத்தினார்கள் என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். இவள் குழாயடியில் கிடந்தபடியே எண்ணினாள். நாலு வரைக்கும் எண்ணினாள். ஐந்தாவதில் இடது காது போய்விட்டது. இவள் கூட உட்கார்ந்து திரி சொருகிய மூன்று பெண்கள் இருந்த ரூம் எத்தனையாவதாகப் போனது என்று இவளுக்கு இன்றுவரை தெரியாது. செத்தவர்கள் என்று பேப்பரில் போட்ட எண்ணிக்கை ஒன்று, ஊரில் சொன்ன எண்ணிக்கை ஒன்று. இரண்டையும் இவள் நம்பவில்லை.

கழுத்திலும் கையிலும் பட்ட தீக்காயம் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு இவளால் வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. நான் சிவகாசிக்கு லோடு இறக்கப் போனாலும் கூடவே வண்டியில் ஏறிக்கொள்வாள். பட்டறையை வேறு இடத்துக்கு மாற்று என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் நிறையப் பேர். மாற்றினால் இவள் எங்கே இருப்பாள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சுத்தியல் சத்தம் இவளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து பழக்கம். அதனால் அதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் என் வலது தோள் கழன்றுவிட்டது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. இனிமேல் சுத்தியலைத் தொட்டால் சட்டை போடக்கூட ஆள் வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலண்டர் சீசன் வந்துகொண்டிருந்தது. அச்சகக்காரர்கள் என்னை விட்டுவிட்டு வேறு ஆளிடம் போக ஆரம்பித்திருந்தார்கள். கன் வாங்கினால் வேலை நிலைக்கும். வாங்கிவிட்டு அதன் சத்தம் இவளைத் தூக்கிப் போட்டால் வீடு நிலைக்காது. இதுதான் என் நிலைமை.

ஆகவே கடையில் நின்று இவளுக்குப் போன் போட்டேன். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரி துணைக்கு உட்கார்ந்திருந்தாள்.

"ஏ புள்ள, மூணு கன் இருக்கு. அடிச்சுக் காட்டச் சொல்றேன். எது பரவாயில்லன்னு சொல்லு" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார். ஆனாலும் பின்பக்கம் கூட்டிப்போய், கட்டைமேல் பலகையை வைத்து ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினார். நான் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியதை மூன்று தரம் அடித்தார். சின்னதை அடித்தார். நடுவில் உள்ளதை எடுத்தவர், தன் திறமையைக் காட்டும் ஆசையில், விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கன்னின் மூக்கை மரத்தில் தட்டிக்கொண்டே போனார். படபடவென்று ஒரு வரிசை முழுக்க ஆணி இறங்கியது. போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி பேசினாள்: "அண்ணே, நிறுத்தச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கழித்து இவளே வாங்கிப் பேசினாள்.

"சத்தம் இருக்கட்டும். எண்ண முடியாத சத்தம் வேண்டாம்."

அதைக் கடைக்காரரிடம் அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நடுக் கன்னின் விசையருகே இருந்த ஒரு சின்ன லிவரைத் திருப்பிக் காட்டினார். "இப்பிடி வச்சா ஒத்த ஒத்தையாத்தான் போகும். ஒவ்வொரு ஆணிக்கும் மூக்க அழுத்தி, விசைய இழுக்கணும். அந்தப் பக்கம் திருப்புனா இப்ப அடிச்சமே, அது. பேலட் அடிக்கிறவுக எல்லாம் அதத்தான் கேப்பாக, வேகம்னு. ஆனா கை அசந்தா தொடையிலயும் ஏறிரும். நீங்க இப்பிடியே வைங்க அண்ணாச்சி." லிவர் நகராமல் இருக்க அதன்மேல் கறுப்பு டேப்பை அவரே ஒட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் இவள் ஒரு நிபந்தனை போட்டாள். "அடிக்கிறதுக்கு முன்னால எத்தன ஆணின்னு சொல்லிருங்க. நான் எண்ணிக்கிட்டே இருப்பேன்."

என் பேலட்டுக்கு மேல்பக்கம் ஏழு பலகை, கீழே மூன்று கட்டை. சேர்கிற இடத்துக்கு இரண்டு ஆணி. மொத்தம் நாற்பத்திரண்டு. புரட்டிப் போட்டால் அடிப்பக்கம் மூன்று பலகை, பதினெட்டு. "நாப்பத்திரெண்டு" என்று பட்டறையிலிருந்து குரல் கொடுப்பேன். அடுப்படியிலிருந்து "ம்" என்று வரும். அப்புறம்தான் அடிப்பேன். முடிந்ததும் புரட்டிப் போட்டு, "பதினெட்டு." "ம்."

முதல் வாரம் அவள் "ம்" என்றது அழுகிற மாதிரி இருந்தது. அப்புறம் சாதாரணமானது. ஒருநாள் நாற்பத்திரண்டு முடித்துக் கன்னைக் கீழே வைத்தேன். உள்ளேயிருந்து, "ஒண்ணு கொறையுது" என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. குனிந்து பார்த்தால் மூலையில் ஒரு இடம் காலியாக இருந்தது. "எம்புட்டு வருஷமா அடிக்கீக, இது தெரியல?" என்று கேட்டாள். சூப்பர்வைசர் என்று அவளுக்குப் பேர் வைத்தேன். அந்தச் சீசன் முழுக்க என் பேலட்டில் ஒரு ஆணி குறைந்தது கிடையாது. சிவகாசிக்கு நான் மட்டும் போய்வந்த நாட்களும் அதற்குள் இரண்டு மூன்று ஆகியிருந்தன. நாங்கள் தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

இந்தக் கோடையில், ஒரு முன்மத்தியானம். சுருள் சிக்கிக்கொண்டதால் குழாயைக் கழற்றிவிட்டு, கன்னின் வாயைத் திறந்து வளைந்த ஆணியை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்துவிட்டுப் புதுச் சுருளைப் போட்டு மூடினேன். அப்போது தகரக் கூரை அதிர்ந்தது.

அடுப்படியிலிருந்து அவள் குரல்: "என்னங்க, எத்தனன்னு சொல்லாம அடிச்சிட்டீகளே."

ஒரு காதுதான் கேட்கிறது என்பதால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிடிபடாது. நான் வாசல் வழியாக, பட்டாசு கம்பெனிகள் இருக்கிற மேற்குப் பக்கம் பார்த்தேன். வேலிக்கருவைக்கு மேலே வெள்ளையாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"மறந்துட்டேன்" என்றேன்.

இரண்டாவது வெடி கேட்டது. வரிசை ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது, அது எத்தனையில் நிற்கும் என்று தெரியவில்லை. அதை அவள் கேட்கக் கூடாது. என் தலைக்குள் அது ஒன்றுதான் இருந்தது. குழாயை மாட்டினேன். கறுப்பு டேப்பைப் பிய்த்து லிவரை அந்தப் பக்கம் திருப்பினேன். கழித்துப்போட்ட ஒரு பலகையை இழுத்துக் கட்டைமேல் போட்டேன். அதற்குள் மூன்றாவதும் கேட்டுவிட்டது. விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தேன்.

எத்தனை ஆணி என்று சொல்லவில்லை. பலகை நிறைந்து, ஆணிமேல் ஆணி ஏறி, சில தெறித்துச் சுவரில் பட்டன. தோள் கத்தியது. நான் நிறுத்தவில்லை. கம்ப்ரசர் மூச்சு வாங்கிய இடைவெளியில் தொண்டையைச் செருமினேன், எதையோ உதைத்தேன், மறுபடி அடித்தேன். அடுப்படியில் அவள் அலறினாலும் பரவாயில்லை, இது என் சத்தம் என்று நினைத்து அலறட்டும் என்று இருந்தது. முந்நூறு ஆணியும் தீர்ந்து கன் வெறும் காற்றை ஊதியபோதுதான் நின்றேன்.

மேற்கே அமைதியாக இருந்தது. ரோட்டில் ஆம்புலன்ஸ் ஒன்று போகும் சத்தம் கேட்டது.

திரும்பினால் அவள் பட்டறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இப்போது கறுத்திருந்தது. வலது கையில் மூன்று விரல்களை மடக்கி வைத்திருந்தாள்.

"மூணு வரைக்கும் எண்ணுனேன்" என்றாள். "அதுக்கப்புறம் எல்லாம் உங்க சத்தம். எத்தன ரூமு போச்சுன்னு எண்ண விடாம பண்ணிட்டீகளே."

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கன்னைக் கையில் பிடித்தபடியே நின்றேன். அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

லிவரை மறுபடி பழைய பக்கம் திருப்பி டேப் ஒட்டிவிட்டேன். இப்போதும் பேலட்டைக் கட்டைமேல் வைத்ததும், "நாப்பத்திரெண்டு" என்று குரல் கொடுக்கிறேன். அடுப்படியில் பாத்திரம் நகர்கிறது, தண்ணீர் விழுகிறது. "ம்" வருவதில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடிக்க ஆரம்பிக்கிறேன்.