இரண்டாவது கோடு

கடலூரில் யானைக்கால் நோய்த் தடுப்பு வேலையில் இருந்தபோது என்னைக் கண்டாலே தெருவில் பாதிப் பேர் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாக மாத்திரை கொடுப்போம். வைத்துவிட்டுப் போங்கள், அப்புறம் போட்டுக்கொள்கிறோம் என்பதெல்லாம் என்னிடம் செல்லாது. என் கண்ணெதிரே விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். குறிஞ்சிப்பாடியில் ஒரு தலைமையாசிரியரையே தூக்க வைத்தேன். அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

தலை சுற்றும் என்ற பயத்தில் நான் விழுங்காத என் பங்கு மாத்திரைகள் வருடாவருடம் சட்டைப் பையோடு துவைக்கப்பட்டன.

எனக்கு மசியாத ஒரே ஆள், சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருந்த என் மனைவியின் தம்பி. ராத்திரியில் எடுத்த ரத்தத்திலேயே புழு இல்லை, இல்லாத புழுவுக்கு எதற்கு மாத்திரை என்பான். குஞ்சுப் புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் உலாவும்; குறைவாக இருந்தால் மைக்ராஸ்கோப்பிலும் சிக்காது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

பிறகு ஒரு புது ரத்தப் பரிசோதனை அட்டை வந்தது. பகலிலேயே விரல்நுனி ரத்தம் கொஞ்சம் போதும். பெரிய புழு உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் பத்து நிமிடத்தில் இரண்டு கோடு விழும். இல்லையென்றால் ஒரே கோடு. இன்றைக்கு மாட்டினான் என்று அவன் கடைக்குப் போனேன். நான் முதலில் குத்திக்கொண்டால்தான் தன் விரலை நீட்டுவதாகச் சொன்னான். குத்திக்கொண்டேன். காத்திருந்த நேரத்தில் கால் எப்படியெல்லாம் வீங்கும் என்று விலாவாரியாகச் சொல்லி அவனை மிரட்டினேன்.

அவனுக்கு ஒரு கோடு. எனக்கு இரண்டு.

அட்டை கெட்டுப்போனது என்றேன். இன்னொன்றில் பார்த்தேன், அதிலும் இரண்டு. குனிந்து என் இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நிஜமாகவே பயந்துபோனேன். அவன் சிரித்திருந்தால் தேவலை; சிரிக்கவில்லை.

வருடாவருடம் நான் மாத்திரை போட்டேனா என்று கேட்டான். நான் தெருவைப் பார்த்தேன். பன்னும் டீயும் வரவழைத்து என்னைச் சாப்பிட வைத்தான். என் பையிலிருந்து மாத்திரைகளை எடுத்து, முதலில் தன் பங்கைத் தானே விழுங்கினான். அப்புறம் என் கையில் மூன்றை வைத்தான். நானும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

"வாயத் தெறங்க மாமா," என்றான். "நாக்கத் தூக்குங்க."

தூக்கினேன். மூன்றாவது மாத்திரை அங்கேதான் இருந்தது.