விடியப் பாதி, பின்னேரம் பாதி

பால்மாவும் ஈரச் சீமெந்தும் கலந்தால் ஒரு புளித்த மணம் வரும். சுனாமிக்குப் பிந்திய இரண்டு வருடங்களும் என் நினைவில் அந்த மணத்தோடுதான் இருக்கின்றன. களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே எங்கள் ஊர். வீடு போய்த் தகரக் கொட்டிலில் இருந்த எங்களுக்கு மாதாமாதம் நிவாரணத்தில் ஒரு 'பேணி', அதாவது ஒரு தகர டப்பா, பால்மா வந்தது. சின்னப் பிள்ளை உள்ள குடும்பங்களுக்கு மட்டும் கொடுப்பது அது. எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளையான தம்பியையோ கடல் கொண்டுபோய்விட்டது. பட்டியலில் அவன் பெயரை வெட்டச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. மாவை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் பேணிகளை வைத்துக்கொள்வார்.

அலை வந்தபோது அம்மாவின் வலக்கையில் நானும் இடக்கையில் தம்பியும் இருந்தோம். இடக்கை தவறிவிட்டது. அந்தத் தோள்மூட்டும் விலகியிருந்ததால், ஆஸ்பத்திரியில் ஒரு தாதி மிஸ்ஸி, தண்ணீர்ப் போத்தலைத் தூக்கித் தூக்கி இறக்கும்படி சொல்லிக் கொடுத்தார். "ஒரேயடியாச் செஞ்சிராதங்க. விடியப் பாதி, பின்னேரம் பாதி" என்றார். அதற்கு அவர் 'பயிற்சி' என்று பெயர் சொல்ல, அந்தச் சொல்லும் எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

தோள் ஆறிய பிறகும் அம்மா நிறுத்தவில்லை. வீடு கட்டத் தந்த சீமெந்தில் கொஞ்சத்தைக் குழைத்து இரண்டு பேணிகளில் நிரப்பி, அவற்றுக்கு நடுவே ஒரு இரும்புக் குழாயைச் செருகி இறுகவிட்டார். குழாயைக் கொடுத்தவர் பக்கத்து வளவுச் சரோசா மாமி. காலையில், வாவிக்கு அப்பால் படுவான்கரை வட்டைக்கு வயல் வேலைக்குப் போகும் அப்பாவுக்குச் சோறு வடித்து, அவர் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் படகேறப் புறப்படுவதற்கும் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதற்கும் இடையில் கிணற்றடியில் பாதி. பின்னேரம், நான் பாடம் எழுதி முடிப்பதற்கும் விளக்கு வைப்பதற்கும் இடையில் மீதிப் பாதி. பின்னேரத்துக் கணக்கை மாமிதான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எண்ணுவார். "ஆரோட மச்சாள் மல்லுக்கட்டப் போறீங்க?" என்று கேலி செய்வார். அம்மா சிரிப்பதை அந்த நேரத்தில் மட்டும்தான் பார்க்கலாம். ஆனால் இடக்கையின் முறை வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். எண்ணி முடிந்தாலும் அந்தக் கையால் பாரத்தைக் கீழே வைக்கமாட்டார். விரல்கள் வெளுத்துப்போகும்வரை பிடித்துக்கொண்டே நிற்பார். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருக்கும்.

ஒருநாள் பள்ளிக்கூட நேரமாகியும் அம்மாவுக்குக் காலைப் பாதி முடியவில்லை. என்னைத் தனியே போகச் சொன்னார். சந்தியில் இருந்த இராணுவச் சோதனைச் சாவடியில், கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய், "அம்மா எங்க?" என்று கேட்டார். எனக்குப் பதினொரு வயது. வேறு எந்தப் பிள்ளையின் அம்மாவும் செய்யாததை என் அம்மா செய்கிறார் என்ற பெருமை தாங்காமல், "அம்மா பயிற்சி எடுக்கிறா. விடியவும் பின்னேரமும்" என்றேன்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். படுவான்கரைக்குப் போய் இயக்கத்தில் சேர்ந்து ஆயுதம் பழகுவதைத்தான் எல்லோரும் 'பயிற்சி' என்றார்கள். இது எனக்கும் தெரியாததல்ல. வீட்டுச் சொல்லும் வெளிச்சொல்லும் ஒன்றுதான் என்பது மட்டும் அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை.

அன்று பின்னேரமே சாவடியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். பேணிகளைக் கிணற்றுக் கட்டில் அடித்து உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே சீமெந்தைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் அம்மாவை விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். வயலிலிருந்து வந்த அப்பா கிராமசேவகரைக் கூட்டிக்கொண்டு ஓட, என்னைச் சரோசா மாமிதான் வைத்திருந்தார். எனக்குச் சோறு தீத்தினார். நான் அழுததெல்லாம் அம்மாவை நினைத்து என்றே அவர் நம்பினார்.

மறுநாள் மத்தியானம் அம்மா திரும்பி வந்தார். "ஆர் சொன்ன?" என்று அப்பா கத்தினார். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, "மச்சாளுக்குத்தானே எல்லாம் தெரியும்" என்றார்.

அந்த ஒரு சொல்லே போதும். 'காட்டிக்குடுத்தவள்' என்ற பேச்சு ஊரில் எழும்பினால் உயிருக்கே உலை வைக்கிற காலம் அது. மாமி எங்கள் வேலிப் படலையில் வந்து நின்று, "நான் சொல்லல்ல மச்சாள், சத்தியமா நான் சொல்லல்ல" என்று அழுதார். அம்மா கதவைத் திறக்கவில்லை. நான் உள்ளே வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மாதம் முடிவதற்குள் மாமி சித்தாண்டியில் இருந்த தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா மண் நிரப்பிய வாளியோடு மறுபடி தொடங்கினார். யாராவது கேட்டால் "அம்மா தேவாரம் படிக்கிறா" என்று சொல்லும்படி அப்பா எனக்குக் கட்டளையிட்டார். காலையும் மாலையும் படிப்பதுதானே தேவாரம், யாரும் சந்தேகப்படவில்லை.

போர் முடிந்தது. சாவடி இருந்த சந்தியில் இப்போது கைபேசிக் கடை இருக்கிறது. அதன் சுவரில் கணினிப் பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் விளம்பரத்தை ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கண்டு திடுக்கிடுகிறவள் நான் ஒருத்திதான் போலும். நகரத்தில் வேலை, இரண்டு பிள்ளைகள், முதுகுவலி என்று நானும் பாரம் தூக்குகிறேன். பிள்ளைகள் எழும்புமுன் பாதி, அவர்கள் பாடம் படிக்கையில் பாதி. போன மாதம் வந்திருந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அன்று சாவடியில் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார் அம்மா. "உன்ட மகள்தான் சொன்னதெண்டு அண்டைக்கே விசாரிச்சவன் சொல்லிட்டான்."

"பிறகு ஏனம்மா மாமிய...?"

அம்மா தன் இடக்கையைப் பார்த்தார். "ஒரு புள்ளைய விட்டிட்டன். உன்னையும் விடச் சொல்லுறியா?"

மாமி போன வருடம் காலமாகிவிட்டார். செத்தவீட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. அவருடைய இரும்புக் குழாயை அம்மா கிணற்றடியில் நட்டுத் துணிக்கொடி கட்டியிருக்கிறார். ஊருக்குப் போனால் எங்கள் உடுப்புகள் இன்றைக்கும் அதில்தான் காய்கின்றன.