ரோஜா மாலை போட்ட படம்

பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் வாசம் எங்கே வந்தாலும் எனக்கு இன்னும் ஒரு ரோஜா மாலைதான் ஞாபகம் வரும்...

அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் மாடியில் ஒரு ரூம் எடுத்து 'ஆர்ட்ஸ்' என்று போர்டு மாட்டியிருந்தேன். புதுவயல் ரைஸ் மில்களுக்கு மூட்டை லேபிள், பிரஸ்ஸுக்குக் கல்யாணப் பத்திரிகை டிசைன்... எது வந்தாலும் செய்வேன். ஆசையெல்லாம் ஆயில் பெயின்டிங்மேல்தான்.

ஒருநாள் பள்ளத்தூரிலிருந்து ஒரு வீட்டுக் கணக்குப்பிள்ளை போட்டோவோடு வந்தார். "எங்க செட்டியார் படம். முகப்புல மாட்டணும், பெருசா வரைஞ்சு குடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதுவரை ஆயில் படம் கேட்டு என்னிடம் வந்ததெல்லாம் இறந்தவர்களுக்குத்தான். எப்போது தவறினார் என்று கேட்பது நாகரிகமில்லை என்று நானும் கேட்கவில்லை. பதினைந்து நாள் உட்கார்ந்து வரைந்தேன். கடைசியில் என் அன்பளிப்பாகக் கழுத்தில் ஒரு ரோஜா மாலையும் போட்டுவிட்டேன். இதழ் இதழாக... அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

நியூஸ் பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் பள்ளத்தூர் போனேன். வீட்டு ஆச்சி உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அடுத்த வாரம் மெட்ராஸில் ஆபரேஷன், அதற்குள் படத்தை மாட்டிவிட வேண்டும் என்றார். யாருக்கு ஆபரேஷன் என்று கேட்க வாயெடுத்தேன்.

உள்ளேயிருந்து திருநீறு பூசிக்கொண்டு அவரே வந்தார். நான் பதினைந்து நாள் வரைந்த அதே முகம்.

ஆபரேஷனுக்குப் போகிற மனுஷனுக்கு மாலை போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன்...

"பிரிங்க தம்பி, பாப்போம்" என்றார்.

"வார்னிஷ் காயலைங்க... பிரிச்சா தூசி ஒட்டிக்கிரும். மாட்டுற இடத்தை அளந்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

"அதுக்கு ஈரத்தோடயா தூக்கிட்டு வந்தீக?" என்றார் ஆச்சி. நான் சுவரை அளப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கிளம்பும்போது பேப்பர் ஓரம் கிழிந்து ஒரு ரோஜா வெளியே தெரிந்தது. உள்ளங்கையால் பொத்திக்கொண்டே பஸ் ஏறினேன். ரூமில் வந்து மாலையைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் வரைந்த சட்டையும் சேர்ந்து வந்தது. வேறு வழியில்லாமல் மாலைமேல் வெள்ளைத் துண்டு ஒன்றை வரைந்து மூடினேன். அவர் மெட்ராஸ் கிளம்புவதற்கு முதல் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு உண்மையிலேயே பெயின்ட் ஈரம்.

அப்புறம் ஒரு மாசம் தூக்கமில்லை. பள்ளத்தூர் பஸ் வந்து நின்றாலே, என்னைத் தேடி யாராவது இறங்குகிறார்களா என்று மாடியிலிருந்து பார்ப்பேன். அவருக்கு ஏதாவது ஆனால் என் மாலைதான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, சுகமாகத் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தார். அந்தப் பத்து வருஷமும் வெள்ளை மங்கி உள்ளிருக்கும் சிவப்பு தெரிந்துவிடுமோ என்று பயம்தான். படத்தைத் துடைக்கிற சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அவர் காலமானபோது துக்கத்துக்குப் போயிருந்தேன். மகன் படத்துக்கு ரோஜா மாலை போட்டார். நான் மறைத்த மாலை இருந்த அதே இடத்தில் அது விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது என் பேத்தியும் டிசைனர்தான். கம்ப்யூட்டரில் தப்பாகப் போட்டால் ஒரு பட்டன்... போயே போச்சு. துண்டு வரைந்து மூடுகிற வேலையெல்லாம் அவளுக்கு இல்லை. போன மாசம் என் எண்பதாவது பிறந்தநாளுக்கு என் படத்தைச் செய்து, பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"பிரிங்க தாத்தா" என்றாள்.

பிரித்ததும் முதலில் கழுத்தைத்தான் பார்த்தேன்.