மாடி வீடும் ஒரு டம்ளர் தண்ணீரும்

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். பிடிக்கும். ஆனால் என்னைத் தவிர இன்னும் யாருக்கெல்லாம் அவரைப் பிடிக்கும் என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அக்காவைக்கூட நாள் பார்த்துத்தான் அந்தக் கணக்கில் சேர்க்க முடியும்.

மாமாவுக்கு வேலை, வருகிறவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரிகிறதா என்று சோதித்து லைசென்ஸ் கொடுப்பது. கொடுப்பது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அவர் கொடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆபீசில் அவருக்குச் 'சிவப்பு விளக்கு' என்று பேர். சோதனைக்கு ஏறும்போது வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றி டேஷ்போர்டில் வைத்துவிட்டு, "ம், எடுங்க" என்பார். இந்த டம்ளர் எந்தச் சட்டத்திலும் இல்லை. தண்ணீர் சிந்தினால் அதற்காக யாரையும் ஃபெயில் போடமாட்டார். ஆனால் சிந்தினவர்கள் வேறு ஏதாவது தப்பும் செய்திருப்பார்கள் என்பது அவர் கட்சி. தேடிக் கண்டுபிடித்துவிடுவார்.

என்னையே இரண்டு தடவை ஃபெயில் போட்டவர். சொந்த மச்சானை! நான் பக்கத்து ஊருக்குப் போய்த்தான் லைசென்ஸ் வாங்கினேன். வாங்கி ஒரு லோடு வண்டி வைத்துப் பிழைக்கிறேன். அந்தப் பாவத்துக்கு, அவர் ஊர் மாறும் ஒவ்வொரு தடவையும் சாமான் ஏற்றி இறக்குவது என் தலையில் விடிந்தது.

ஊர் ஏன் மாறுகிறார் என்று கேட்கவே வேண்டாம். ஒரு ஊரில் மேலதிகாரியின் மகனை ஃபெயில் போட்டார். அடுத்த ஊரில் மேலதிகாரியையே போட்டார். கடைசியாக ஒரு பெரிய நகரத்தில் தள்ளினார்கள். அங்கே வீட்டு வாடகை சம்பளத்தை முழுசாக விழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது. அப்போதுதான் ஒரு சின்ன ஊரில் இடம் காலி என்று கேள்விப்பட்டு, யாரும் போகாத அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஊருக்கே லைசென்ஸ் ஆபீசர் அவர் ஒருவர்தான்.

அக்கா சாமான் கட்டும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"இதுதான் கடைசி. அங்கயும் நிலைக்கலைன்னா நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க டம்ளரைக் கையில எடுத்துக்கிட்டு ஊர் ஊரா சுத்துங்க."

சும்மா மிரட்டுகிறாள் என்று நினைக்க வழியில்லை. அவளிடம் ஒரு அட்டைப்பெட்டி உண்டு. கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் அதற்குள் பழைய பேப்பர் சுற்றிக் கிடக்கின்றன. நிலையாக இருக்கப் போகிற வீட்டில்தான் அதைப் பிரிப்பேன் என்று முதல் மாற்றலிலேயே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெட்டி பிரியவே இல்லை. பிரிந்தது என் இடுப்புதான்.

சின்ன ஊரில் வீடா கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு போனோம். கிடைத்தது. கிடைத்த வேகத்தில் கையை விட்டும் போனது. காரணம் புரோக்கர். அவன் வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "லைசென்ஸ் குடுக்கிற சாரே வந்திருக்காரு!" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தான்.

முதல் வீட்டுக்காரர் தையல்காரர். "உங்ககிட்ட வாடகை வாங்கினா என் கை அழுகிப்போயிடும் சார். என் பையன் மட்டும் அடுத்த மாசம் டெஸ்டுக்கு வரான்" என்றார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். இரண்டாவது வீட்டுக்காரர் ரொம்ப வருஷமாக லைசென்ஸே இல்லாமல் லாரி ஓட்டுகிறவராம். எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு, உள்ளேயிருந்து வீட்டில் யாரும் இல்லை என்று அவரே சொன்னார். மூன்றாவது வீட்டில் யாருக்கும் டெஸ்டும் இல்லை, பயமும் இல்லை. ஆனால் மாமாவே வீட்டுக்கு டெஸ்ட் வைத்தார். குழாயைத் திறந்து மூடினார், ஒவ்வொரு கதவையும் சாத்திப் பார்த்தார், கடைசியில் டம்ளரை எடுத்துத் தரையில் வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, "தரை சரிவா இருக்கு. ஃபெயில்" என்றார்.

"வீடு என்ன ஓடவா போகுது மாமா?" என்று கத்திவிட்டேன். வண்டியில் சாமான் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா முன் சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலாவதாக வந்ததுதான் பேக்கரி வைத்திருக்கும் ஓர் அம்மாவின் மாடி. கீழே அவரும் புருஷனும், மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை. பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தின் தலை. குளியலறைக் கதவை லேசாகத் தூக்கிச் சாத்த வேண்டும், அவ்வளவுதான் குறை. வாடகையைக் கேட்டதும் எனக்குக் காதில் ஏதோ கோளாறோ என்று சந்தேகம் வந்தது. நகரத்தில் அந்தக் காசுக்குக் குளியலறைக் கதவு மட்டும்தான் கிடைக்கும்.

அக்கா ஜன்னலோரம் போய் நின்றாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பெட்டியை முதல் தடவையாகச் சமையலறைத் தரையில் வைத்தாள்.

"இவ்வளவு கம்மியா குடுக்கறீங்களே, ஏம்மா?" என்று மாமா போலீஸ்காரர் மாதிரி கேட்டார்.

பேக்கரி அம்மா மாடிப்படியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லிடறேன் சார். எனக்கும் டெஸ்ட் இருக்கு."

மாமா செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"இருங்க சார்! பாஸ் போடச் சொல்லல. என்னை ஃபெயில் போடணும்."

மாமா ஒரு செருப்போடு நின்றார். அவர் உத்தியோகத்தில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். அம்மாவின் புருஷன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு இறங்கினவர் கட்டிலில் ஏறிவிட்டார். மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே கிடப்பார், சாப்பிடக் கூப்பிட்டால் பதில் இருக்காது. இந்தம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு பழைய காரை வாங்கி, எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்றார். மனிதர் எழுந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறி, "கிளட்ச்! கிளட்ச்!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு, பசியோடு திரும்பி வருகிறார்.

"பழகறவங்க பக்கத்துலதானே ஆள் உட்காரணும்? லைசென்ஸ் வந்துட்டா எதுக்கு உட்காருவார்? மறுபடியும் படுத்துடுவார் சார். அதான் ஒவ்வொரு தடவையும் போய் ஃபெயிலாகி வரேன்" என்றார் அம்மா. கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்கே மனசு இளகிவிட்டது. மாமாவுக்கு இளகவில்லை.

"நல்லா ஓட்டினா பாஸ். மோசமா ஓட்டினா ஃபெயில்."

"நான் மோசமாவே ஓட்டிடறேன். நீங்க கண்டுக்காம இருந்தா போதும்."

"வேணும்னே ஓட்டினா எனக்குத் தெரிஞ்சிடும்..."

அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக் கிள்ளியதை நான் பார்த்தேன். "அதெல்லாம் பண்ணிடுவார்மா. அவருக்கு நல்லா வர்றதே அது ஒண்ணுதான்" என்றாள்.

அன்றே சாமானை மாடிக்கு ஏற்றிவிட்டோம்.

டெஸ்ட் நாளன்று, நகரத்தில் விட்டிருந்த மிச்ச சாமான்களோடு நானும் வந்திருந்தேன். காலையிலேயே அக்கா பெட்டிக் கயிற்றை அறுத்துவிட்டாள். மேலே இருந்த இரண்டு தட்டுகளைக் கழுவி ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தாள். "சாயங்காலம் மிச்சத்தையும் எடுத்துடுவேன்டா" என்று அவள் சிரித்தபோது எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. மாமாவை எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

சோதனை மைதானத்தின் கம்பிவேலிக்கு வெளியே நானும் பஸ் டிரைவரும் நின்றோம். கார் கிளம்பியதும் அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு "கிளட்ச்!" என்று ஆரம்பித்துவிட்டார். உள்ளே நடந்ததை மாமா பின்னால் சொன்னார்.

இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அம்மா இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டார். நல்ல வெயில்.

"அம்மா, அது வைப்பர்."

"அப்படியா சார்? எனக்குத் தெரியாதே."

"உங்களுக்குத் தெரியும்."

பிறகு ஹாரனை அடித்து, "பிரேக் பிடிக்கல சார்" என்றார். மாமா டம்ளரைக் காட்டினார். அதில் அலைகூட இல்லை. கால் பிரேக்கை அழகாகப் பிடித்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு நாய் குறுக்கே வந்தது. நடுவில் உட்கார்ந்து, வேறு வேலையே இல்லாமல் சொறிந்துகொண்டது. அந்தம்மாவுக்கு நடிப்பெல்லாம் மறந்துபோனது. கண்ணாடியைப் பார்த்தார், மெதுவாக நிறுத்தினார், நாய் சொறிந்து முடிக்கும் வரை பொறுத்தார், கையைக் காட்டிவிட்டு வெண்ணெய் மாதிரி வண்டியை எடுத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. எடுத்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, டம்ளரை எடுத்து மடக் மடக்கென்று குடித்துவிட்டார்.

"இப்ப தண்ணி இல்ல பாருங்க சார்!"

"சிந்தல. குடிச்சீங்க. குடிக்கிறது தப்பில்ல" என்றார் மாமா.

கார் திரும்பி வந்தது. மாமா இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. தன் கையாலேயே முன்பக்கம் இருந்த எல் போர்டைக் கழற்றினார். மாடி ஜன்னலும் அக்காவின் தட்டுகளும் அவர் மனக்கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் கழற்றினார். ஓங்கி ஒன்று வைக்கலாம் போல ஆத்திரம் வந்தது எனக்கு. அந்த ஆள்மேல் அவ்வளவு மரியாதையும் அப்போதுதான் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. பஸ் டிரைவர் மாமா கையிலிருந்த எல் போர்டை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வீட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா ஜன்னலோரம் போனாள். கழுவின தட்டுகளைத் துடைத்தாள், பேப்பர் சுற்றினாள், பெட்டியில் வைத்தாள். மாமா வேறு கயிறு தேடி எடுத்துக் கொடுத்தார். அவருக்கு வேறு என்ன உதவி செய்வது என்று தெரியவில்லை போல.

சாயங்காலம் பேக்கரி அம்மா மேலே வந்தார். "படுத்துட்டார். கூப்பிட்டா திரும்பவே இல்ல" என்றவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க வேற வீடு பாத்துக்கங்க சார். உங்களைத் தினமும் பாத்தா எனக்கு..."

கீழே ஹாரன் அடித்தது. நீளமாக, பஸ் ஸ்டாண்டில் அடிப்பது மாதிரி.

எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம். பஸ் டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டு காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். முன்பக்கம் எல் போர்டு கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது.

"மேல என்ன கதை? நேரமாச்சு, வந்து வண்டியை எடு!"

"எனக்குத்தான் லைசென்ஸ் வந்துடுச்சே!" என்றார் அம்மா.

"லைசென்ஸ் வந்தா ஓட்டத் தெரிஞ்சிடுமா? நானும் படுத்துப் படுத்துப் பாத்தேன், மனசு ஆறல. நாய்க்கு நின்னியே, எந்த கியர்ல நின்னே? அதை நம்பி உன்னைத் தனியா ரோட்டுல விடுவேனா? அந்த மேல்வீட்டு ஆளுக்கு என்ன! கண்டவங்களுக்கெல்லாம் லைசென்ஸைத் தூக்கிக் குடுக்கறவரு!"

மாமாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. எத்தனையோ திட்டு வாங்கியவர்தான். ஆனால் இதை எந்த எதிரியும் சொன்னதில்லை. காது மடல் சிவக்க, விரலை நீட்டிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தார். சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. உங்கள் மனைவி மாதிரி ஓட்டினவரை நான் என் உத்தியோகத்திலேயே பார்த்ததில்லை என்று உண்மையைச் சொல்லி, அந்த மனிதரைத் திரும்பவும் கட்டிலுக்கு அனுப்பிவிடுவார்.

அக்கா கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். பேக்கரி அம்மாவும் பார்த்தார்.

மாமா விரலை மடக்கினார். எச்சில் விழுங்கினார்.

"ஆமாங்க" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் கொஞ்சம் இளகின மனசு. பாவம் பாத்துப் போட்டுட்டேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து பாத்துக்கங்க."

"பாத்தியா, அவரே சொல்றாரு!" என்று கீழேயிருந்து வெற்றிக் குரல் வந்தது.

அம்மா மாமாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடப் போனார், பிறகு சிரிப்பு வந்துவிட்டது போல, வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினார். கார் கிளம்பியது. "கிளட்ச்! கிளட்ச்!" என்ற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டுக்கொண்டே போனது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து, ஜுரம் வந்தவர் மாதிரி நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அக்கா மறுபடியும் கயிற்றை அவிழ்த்தாள். இந்தத் தடவை எல்லாத் தட்டையும் எடுத்துக் கழுவி அடுக்கினாள். ஒன்று உடைந்திருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். முதல் தட்டில் சோறு போட்டு மாமாவிடம் நீட்டிவிட்டு, காலிப் பெட்டியைக் காலால் மிதித்து மடக்கி என் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோய்க் கடாசிடு. இனிமே வேணாம்."

வெறும் அட்டைதான். ஆனாலும் பழக்க தோஷத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூக்கினேன்.